பலகை இறக்கை

1

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓசூர்ப் பக்கத்துப் பேரிகை கிராமத்திலிருந்து என் தம்பி முனிராஜ் பேசினான். அங்கே அது பொழுது சாய்ந்து சற்று நேரமான வேளை. ரோஜாவின் விலை, மழையின் போக்கு, அம்மாவின் முழங்கால் எல்லாவற்றையும் முறைப்படி சொல்லி முடித்த பிறகு, ஒவ்வொரு முறையும் கேட்பதை இந்த முறையும் கேட்டான்.

"இன்னாக்கா, மாமாவோட ஏரோப்ளான் கிளம்பிடுச்சா இல்லியா? முன்னாடியே சொல்லிட்டீன்னா களத்துல காயற புளிய வாரிட்டு எடத்த ஒதுக்கிடறன். ரோஜா ஷெட்டு மேல மட்டும் எறக்கிட வேணாம்னு சொல்லு. பாலித்தீன் இப்பதான் மாத்துனன்."

இறக்கை இன்னும் முடியவில்லை என்றேன்.

"போன வருசமும் எறக்கைதான் சொன்ன."

உண்மைதான். போன வருடமும் அதைத்தான் சொன்னேன். ஆனால் அந்த இறக்கை வேறு, இந்த இறக்கை வேறு. இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத் தொலைபேசியில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அதனால் எழுதுகிறேன். ஊரில் எங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் இருப்பது கனடாவின் கோதுமைச் சமவெளியில் ஒரு சிறிய ஊர். என் கணவர் வேலுச்சாமி, வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில், சில ஆண்டுகளாக மரத்தால் ஒரு சிறு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் உட்காரலாம். இங்கே சட்டம் அதை அனுமதிக்கிறது. குளிர்காலம் நீளமான இந்த ஊர்களில் அப்படிக் கட்டுகிறவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். எங்கள் ஒரே மகள் கீர்த்தனா அரைநாள் கார்ப் பயணத் தொலைவிலுள்ள நகரத்தில், ஒரு பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். இரண்டாவது இருக்கை அவளுக்காக.

பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் வராத மகள், விமானம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் வருவாள். வந்து அப்பாவோடு கொட்டகையில் நிற்பாள். ஆகவே எங்கள் வீட்டில் அந்த இறக்கை முடிவதும் முடியாமல் போவதும் பறப்பதைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. அது நின்றுபோனால் அவள் வருவதற்கு என்ன காரணம் மிச்சம் இருக்கும் என்பதை நானும் அவரும் ஒருபோதும் வாய்விட்டுப் பேசியதில்லை.

2

வேலுச்சாமி சாத்தூர்ப் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையின், இரும்பில் கருவிகளும் அச்சுகளும் செய்யும் டூல்ரூமில் வேலைக்கு வந்தவர். நான் பேரிகைக்காரி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ். என் சித்தப்பாவின் வீட்டு மாடியில் அவர் குடியிருந்ததால் எங்கள் கல்யாணம் நடந்தது. நான் தனியார் பள்ளி ஒன்றில் தமிழ் ஆசிரியையாக இருந்தேன்.

கல்யாணமான புதிதில் மற்றவர்கள் மனைவியை மலைக்கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். இவர் என்னை மொபெட்டில் உட்காரவைத்துத் தளி ரோட்டில் போய், அங்கிருக்கும் சிறிய விமான ஓடுதளத்தின் கம்பிவேலிக்கு வெளியே நிறுத்துவார். எங்களுக்குப் பின்னால் முட்டைக்கோஸ் லாரிகள் போய்க்கொண்டிருக்கும். எப்போதாவது ஒரு சிறு விமானம் இறங்கும், அல்லது ஏறும். பல நாள் எதுவுமே வராது. வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

"அது மேல போறது எஞ்சினால இல்ல மஞ்சு. எஞ்சின் இழுக்குது, அவ்வளவுதான். தூக்கறது எறக்கை" என்று ஒருநாள் சொன்னார். புதிதாகக் கல்யாணமான ஆண்கள் ஏதாவது ஒன்றில் தம் அறிவைக் காட்ட விரும்புவார்கள். இவருக்கு இது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

கீர்த்தனா ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது இங்கே வந்தோம். அவருடைய தொழிற்சான்றிதழ்களைச் சரிபார்க்கும் அலுவலகம், 'டூல்ரூம்' என்ற பெயரில் ஒரு தொழில் தங்களிடம் இல்லை என்று எழுதியது. எதற்கு இணையானது என்று நிரூபிக்கச் சொன்னது. ஓசூருக்கும் இந்த ஊருக்குமாகக் கடிதங்கள் போய்வந்துகொண்டிருந்தன. அதற்குள் வயிற்றுப்பாட்டுக்காக, ஜன்னல் சட்டங்கள் செய்யும் ஒரு மரத் தொழிற்சாலையில் சேர்ந்தார். இரும்போடு வாழ்ந்தவர் முதல் வாரம் முகம் சுருங்கி வீட்டுக்கு வந்தார்.

"மரம் அசைஞ்சுக்கிட்டே இருக்கு மஞ்சு. காலைல அளந்தது சாயங்காலம் இல்ல."

சான்றிதழுக்கு இணைத்தகுதி கிடைத்தபோது அவர் அங்கே மேற்பார்வையாளராகிவிட்டிருந்தார். மறுபடி இரும்புக்குப் போகவில்லை. புலம்பெயர்ந்தவர்களின் வாழ்க்கையில் பல முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன. யாரும் எடுப்பதில்லை, காத்திருப்பு எடுத்துவிடுகிறது.

நான் நூலகத்தில் திரும்பிவரும் புத்தகங்களை அடுக்கும் வேலையில் சேர்ந்தேன். மூன்று மொழி தெரிந்தவளுக்கு நான்காவது ஒரு பாரமா என்று எண்ணியிருந்தேன். "சனிக்கிழமை வருவதில் உங்களுக்குச் சிரமம் இல்லையே?" என்று மேலாளர் கேட்டால், சிரமம் இல்லை என்ற பொருளில் "ஆமாம்" என்பேன். ஆங்கிலத்தில் அந்த 'ஆமாம்' சிரமம் உண்டு என்று பொருள்படும்; அப்படியே எழுதிக்கொள்வார்கள். பல மாதங்கள் எனக்குச் சனிக்கிழமை வேலை தராததற்கு அதுவே காரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

கீர்த்தனாவுக்கு இப்படிப்பட்ட சிக்கல் எதுவும் வரவில்லை. அவள் முதலில் கோபம் வரும்போது ஆங்கிலத்துக்குப் போனாள். பிறகு சிரிப்பும் அங்கே போயிற்று. கடைசியில் தமிழ் எங்களுக்காகப் பேசப்படும் ஒன்றாக, எங்களுக்குத் தரப்படும் ஒரு சலுகையாக மாறியது. நாங்களும் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டோம்.

3

விமானம் கட்டப்போகிறேன் என்று அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தில், எதற்காகக் கட்டுகிறீர்கள் என்று கேட்டிருந்தது. கல்வி, பொழுதுபோக்கு என்று இரண்டு கட்டங்கள். அவர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"வேலைன்னு போட எடம் இல்லையா?"

இல்லை என்றேன். இரண்டிலும் குறியிட்டார்.

உடற்பகுதியின் சட்டகம் தயாரான பிறகு இறக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வரைபடம் விற்றவர்கள் ஒரே விமானத்துக்கு இரண்டு விதமான இறக்கைகள் கொடுத்திருந்தார்கள். ஒன்று, உடலிலிருந்து நுனிவரை ஒரே அகலமாக, ஒரு நீண்ட பலகைபோல் இருப்பது. மற்றது, நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போவது. பார்வைக்கு இரண்டாவதுதான் பறவைக்குப் பக்கம். எடை குறைவு, வேகமும் சற்று அதிகம்.

நான் நூலகத்தில் இருப்பவள். இறக்கைகளைப் பற்றி அங்கிருந்ததையெல்லாம் கொண்டுவந்து படித்தேன். விமானம் அளவுக்கு மீறி வேகம் குறைந்தால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடுகிறது. பலகை இறக்கையில் அது உடலை ஒட்டிய அடிப்பகுதியில் தொடங்கும். விமானம் உதறும், ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கை கிடைக்கும், நுனிகள் இன்னும் கட்டுப்பாட்டில் இருக்கும். குறுகும் இறக்கையில் நுனி முதலில் கைவிடக்கூடும். அப்போது ஒரு பக்கம் சட்டென்று சாயும். அதைத் தவிர்க்க நுனியை மிகச் சிறிதளவு கீழ்நோக்கி முறுக்கிக் கட்ட வேண்டும். அந்த முறுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அமைய வேண்டும்.

இவ்வளவையும் சொல்லி, பலகையே போதும் என்றேன்.

"பலகைய எறக்கைன்னு சொல்லாத. ஒரே ரிப்ப ஜிக்குல போட்டு அடிச்சுக்கிட்டே இருக்கறது. அதுக்கு நான் எதுக்கு?"

இறக்கையின் குறுக்கே வரிசையாக நின்று அதற்கு வடிவம் தரும் மெல்லிய சட்டங்களை விலா என்கிறோம். அவர் ரிப் என்பார். பலகை இறக்கையில் எல்லா விலாவும் ஒரே அளவு. ஓர் அச்சுப் படுகை, அவர் சொல்லும் ஜிக்கு, செய்துவிட்டால் அதில் குச்சிகளைப் பதித்து ஒட்டி எடுத்துக்கொண்டே இருக்கலாம். குறுகும் இறக்கையில் ஒவ்வொன்றும் வேறு அளவு. ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்கிட்டுச் செய்ய வேண்டும். முப்பது ஆண்டுகளாகத் தன் கைக்கு ஏற்ற வேலை வரவில்லை என்று சொல்லாமலே இருந்தவர் அவர். முறுக்கை மயிரிழை பிசகாமல் கட்டிவிடுவேன் என்றார். கட்டிவிடுவார் என்று எனக்கும் தெரியும். புத்தகங்களை நூலகத்துக்குத் திருப்பி எடுத்துப்போனேன்.

இறக்கையின் நீளம் முழுவதும் ஓடி எடையைத் தாங்குவது உத்திரம். ஸ்ப்ரூஸ் மரத்தில் மேலும் கீழும் இரண்டு கட்டைகள். அவற்றின் இரு பக்கமும் மெல்லிய ஒட்டுப்பலகை பசையிட்டு மூடப்படும். குறுகும் இறக்கைக்கான அந்த உத்திரத்தை அவர் செய்துகொண்டிருந்தபோது, கொட்டகையில் பேசுவதற்கே எனக்குத் தயக்கமாக இருக்கும். பசை இறுக வெப்பம் வேண்டும் என்று கணப்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். வீட்டுக்குள் நான் போர்வையோடு இருப்பேன், மரத்துக்குக் குளிரக்கூடாது.

4

ஓசூரில் ஆயுத பூஜை எங்கள் எல்லோருக்கும் தீபாவளியைவிடப் பெரியது. அன்றைக்கு மட்டும்தான் குடும்பத்தோடு தொழிற்சாலைக்குள் போக முடியும். இயந்திரங்களை டீசல் போட்டுத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாவிலை தொங்கவிட்டிருப்பார்கள். வாசலில் பூசணிக்காய் உடைபடும். பொரி, கடலை, ஒரு ஸ்வீட் பாக்ஸ். பெண்கள் பட்டுப்புடவையோடு கிரீஸ் படாமல் நடக்கப் பழகியிருப்போம். என் கணவரின் இயந்திரத்துக்கு அருகில் போனால், எங்கள் வீட்டுப் பூஜையறைக்குள் போவதைப்போல அவர் குரல் தாழும்.

இரும்பில் வெறும் குங்குமம் நிற்காது. அதனால் டூல்ரூமில் அதை எண்ணெயில் குழைத்து வைப்பார்கள். வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத விதி. மறுநாள் இயந்திரம் ஓடும். வேலையில் தேய்ந்து அது தானாகப் போகும். துடைத்தவர்களுக்கு அந்த வருடம் கைக்குக் காயம் வரும் என்று நம்பினார்கள். அளவுகளை நம்புகிற அந்த மனிதர்கள் இதையும் நம்பினார்கள். கீர்த்தனா அங்கே அப்பாவின் தோளில் உட்கார்ந்து பொட்டு வைத்திருக்கிறாள். அது அவளுக்கு நினைவில்லை.

போன வருடம் ஆயுத பூஜை இங்குள்ள அறுவடை விடுமுறையை ஒட்டி வந்தது. கீர்த்தனா வந்திருந்தாள். உத்திரத்தின் ஒரு பக்கம் பலகை ஒட்டி முடிந்து, மறுபக்கம் திறந்து கிடந்தது. என் கணவர் ரம்பம், இழைப்புளி, பிடிகள் எல்லாவற்றையும் துடைத்து வைத்தார். நான் சுண்டல் செய்தேன். அவர் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றிக் குங்குமத்தைக் குழைத்தார். கை பழகிய வேலை. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கிண்ணத்தை மகளிடம் நீட்டினார். "பாப்பா, நீ வையி."

அவள் தயங்கினாள். பிறகு கட்டைவிரலால் ஒவ்வொன்றுக்கும் வைத்துக்கொண்டே போய், உத்திரத்தின் அடியில், உடலோடு சேரும் தடித்த இடத்தில், மேல் கட்டையின் இன்னும் மூடாத பக்கத்தில் ஒன்று வைத்தாள். அவர் முகத்தை அப்போது நான் பார்த்தேன். அந்த முகத்துக்காகவே அன்று ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. சொல்வதற்கு எதுவும் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அவர் மறுபக்கப் பலகையைப் பசையிட்டு மூடினார்.

5

இறக்கைக்கு மேல்தோல் போடுவதற்கு முன், திறந்த நிலையில் ஒரு பரிசோதகர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எங்களுக்கு வந்தவர் நார்மன், எழுபதைத் தாண்டிய கோதுமை விவசாயி. தாமும் இரண்டு விமானங்கள் கட்டியவர். ஜனவரியின் கடும் குளிரில் வந்தார். என் கணவரை 'வேல்' என்று அழைப்பார். பேச்சுக்குத் துணையாக இருக்கட்டும் என்று கீர்த்தனாவை வரச் சொல்லியிருந்தோம், வந்தாள்.

நார்மன் விளக்கையும் சிறு கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, உத்திரத்தை நுனியிலிருந்து அடிவரை பார்த்தார். ஒவ்வொரு மூட்டிலும் தலையசைத்தார். முறுக்கை அளந்துவிட்டு, இதைப்போல ஒன்றைத் தாம் கட்டியதில்லை என்றார். என் கணவர் அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை, புரிந்துவிட்டது.

அடியில் வந்ததும் நின்றுவிட்டார். கட்டையும் பலகையும் சேரும் விளிம்பில், நூல்போல ஒரு சிவந்த கறை கசிந்திருந்தது. நகத்தால் தொட்டு முகர்ந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

கீர்த்தனா முந்திக்கொண்டாள். குறிவைக்கும் பேனாவின் மை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் குரலில் தடுமாற்றம் இல்லை. அப்பாவைக் காப்பாற்றத்தான் சொன்னாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதோடு, பூஜையையும் குங்குமத்தையும் இந்த மனிதருக்கு விளக்கும் கூச்சமும் அதில் இருந்திருக்கலாம்.

என் கணவர் தலையை நிமிர்த்தாமல் தமிழில் சொன்னார்.

"பொய் வேணாம் பாப்பா. எண்ணெய்னு சொல்லு."

"அப்பா, அவர் கையெழுத்துப் போட மாட்டார்."

"அதுல நீதான் உக்காரப்போற. எண்ணெய்னு சொல்லு."

அவள் சொல்லவில்லை. அவரே நார்மனைப் பார்த்து, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எண்ணெய், என் தவறு என்றார். அப்போதுதான் கீர்த்தனாவுக்கு அது எந்த இடம் என்று உறைத்தது போலும்.

"அது நான் வச்சதுதானே?" என்றாள்.

"நீ வச்சத நான் தொடைக்கல. மத்ததெல்லாம் ஏதோ கருவிங்க. இது எறக்கை. தொடைக்க மனசு வரல."

மரத்தில் வேலை செய்து இத்தனை ஆண்டுகளான மனிதருக்கு, பசைக்கும் மரத்துக்கும் நடுவில் எண்ணெய் இருக்கக் கூடாது என்பது தெரியாததல்ல. ஒரு கட்டைவிரல் அளவுதானே என்று நினைத்திருக்கிறார். இரும்பு எண்ணெயைக் குடிக்காது. ஸ்ப்ரூஸ் மரம் நார் வழியே அதை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது.

பிறகு கீர்த்தனா நார்மனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஓசூர், தொழிற்சாலை, வாழைக்கன்று, துடைக்கக் கூடாது என்ற விதி. இவ்வளவு விவரம் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நார்மன் கேட்டுக்கொண்டார். மனைவி கொடுத்த ஜெபமாலையொன்றைத் தாமும் விமானத்தில் தொங்கவிட்டிருப்பதாகச் சொன்னார். ஆனால் பசைக்கு அதெல்லாம் தெரியாது என்றும் சொன்னார். அதே மரத்தில் இரண்டு துண்டு எடுத்து, அதே எண்ணெய் தடவி, அதே பசையில் ஒட்டி, இறுகிய பின் உடைத்துப் பாருங்கள். மரம் கிழிந்தால் நான் வந்து கையெழுத்திடுகிறேன். பசை விட்டுக்கொடுத்தால் என்னைக் கூப்பிடவே வேண்டாம், என்ன செய்வதென்று உங்களுக்கே தெரியும் என்று சொல்லிவிட்டு, தேநீர் குடித்துப் போனார்.

6

துண்டுகளைப் பிடிக்கருவியில் வைத்து அவர் உடைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சத்தமே வரவில்லை. இரண்டும் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்போல விலகின. உள்ளே பசை வழவழப்பாக, நடுவில் செம்மையாக இருந்தது. மரத்தில் ஒரு நார்கூடக் கிழியவில்லை.

நுனியில் என்றால் அந்த இடத்தை வெட்டி ஒட்டியிருக்கலாம். அடியில்தான் முழு எடையும் வந்து நிற்கிறது. அங்கே ஒட்டுப் போடுவதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. துண்டுகளை மேசையில் வைத்துவிட்டு, சுவரோரம் போய்க் கணப்பை அணைத்தார்.

அதன் பிறகு பல வாரங்கள் கொட்டகை குளிர்ந்தே கிடந்தது. அவர் காலையில் எழுவார், செய்தி பார்ப்பார், பனி வாருவார். மாலையில் ஓசூரில் யாரோ எடுத்துப் போட்டிருக்கும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அத்திப்பள்ளி எல்லையில் நிற்கும் வண்டிகள், புதிய மேம்பாலம், அடுக்குமாடிகள். "ஊருக்கே போயிரலாமா?" என்று ஒருநாள் கேட்டார். போகலாம் என்றேன். அவர் உடன் வேலைபார்த்தவர்கள் இப்போது ஓசூரில் இல்லை. பிள்ளைகளோடு பெங்களூரில் இருக்கிறார்கள், அல்லது எங்களைப்போல எங்கோ இருக்கிறார்கள். எந்த ஊருக்குப் போவது என்று நான் கேட்கவில்லை. அவரும் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. களைப்பு ஒரு வீட்டில் இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், சண்டை போடக்கூட யாரும் மிஞ்சுவதில்லை.

கீர்த்தனாவின் தொலைபேசி நின்றது. குறுஞ்செய்திகள் மட்டும் வந்தன. நானே கூப்பிட்டேன். அப்பாவுக்கு உன் மேல் எந்தக் கோபமும் இல்லை என்று சொன்னேன். "தெரியும்மா. ஆனா நான் வந்தாலே ஏதாவது ஒண்ணு ஆகுது" என்றாள்.  சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

மார்ச் மாதத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை வந்து நின்றாள். காலணியைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் கேட்டாள்.

"அந்தப் பலகை எறக்கைக்கு எத்தன விதமான ரிப்புப்பா?"

"ஒரே விதம்தான்."

"எனக்குச் செய்ய வருமா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "வரும். யாருக்கும் வரும்."

"அப்ப அதையே செய்யலாம்ப்பா. மத்தது உங்களால மட்டும்தான் முடியும். நீங்க உள்ள தனியா நிப்பீங்க, நானும் அம்மாவும் காபி கொண்டாந்து குடுத்துட்டுப் போவோம். பாக்க வர்றதுக்கு நான் எதுக்கு?"

நான் அடுப்படியில் இருந்தேன். இறக்கையைப் பற்றி நான் படித்துச் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியானவை. ஆனால் அவர் கேட்க வேண்டியிருந்தது இது என்று அப்போது புரிந்தது.  மறுநாள் காலையில் கணப்பு எரியும் ஓசை கேட்டது.

7

பழைய உத்திரத்தை அவரே அறுத்தார். எண்ணெய் எட்டாத நீளங்களைக் குச்சிகளாகக் கிழித்து, விலாக்களுக்கென்று கட்டி வைத்தார். கறைபட்ட அடித்துண்டு மற்ற கழிவுகளோடு தொட்டியில் விழுந்தது. கீர்த்தனா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் அதை எடுத்து வைக்கவில்லை. புதிய உத்திரத்துக்கு மரம் சொல்லியிருக்கிறோம். அது வந்துசேரப் பல வாரம் ஆகும். எல்லாம் முடிந்து அவர் பறக்கும் காலத்தில் அவருடைய கண்ணும் இதயமும் மருத்துவச் சோதனையில் தேறுமா என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றியும் நாங்கள் பேசுவதில்லை.

கீர்த்தனா எல்லா வாரமும் வருவதில்லை. இரண்டு முறை வருவதாகச் சொல்லி வரவில்லை. அவள் வராத நாட்களில் அச்சுப் படுகைக்கு முன் உட்கார்ந்து குச்சிகளைப் பதித்து, சிறு ஒட்டுப்பலகைகளைப் பசையிட்டு அடித்துக்கொண்டிருப்பது நான்தான். நான் செய்தவற்றில் சிலவற்றை அவர் பேசாமல் எடுத்து ஒதுக்கிவிடுவார். நான் கேட்பதில்லை.

நேற்று அவள் வந்திருந்தாள். போன முறை வந்தபோது பதித்துவிட்டுப் போன அவளுடைய முதல் விலா இறுகித் தயாராக இருந்தது. மேசையில் எடுத்து வைத்திருந்த அதை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். முகத்தில் சிறுபிள்ளையின் பெருமை. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லத் திருப்பினார். நடுவில் ஒரு மூட்டில், குச்சியும் குச்சியும் சேரும் இடத்தில், காகிதத் தடிமனுக்கு வெளிச்சம் தெரிந்தது.

நான் அதைப் பார்த்துவிட்டேன். அவர் பார்த்ததையும் பார்த்தேன். விட்டுவிடுங்கள் என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது. எவ்வளவோ விலாக்களில் ஒன்று; அவளும் அரைநாள் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவள்; இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறாள். நானாக இருந்தால் வாங்கி மற்றவற்றோடு வைத்திருப்பேன்.

அவர் அதை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தார்.

"இது ஆகாது பாப்பா. இன்னொண்ணு செய்யி."

 கீர்த்தனா முறிந்த துண்டுகளைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். எங்கே தப்பு என்று கேட்டாள். அவர் நகத்தால் அந்த இடத்தைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்து, குச்சியைச் சாய்வாக அறுத்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குச்சிக் கட்டிலிருந்து புதிதாக ஒன்றை உருவிப் படுகையில் வைத்து, அதன் முனையை அளக்கத் தொடங்கினாள். அவர் அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றார்.

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க" என்றாள், தலையைத் தூக்காமல்.

அவர் தள்ளி நின்றார்.